ஊறுகாய் ரயிலுக்கு ஒரு வாசகம்

கொனெட்டா ரயில்வேயின் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி அடுத்த ஸ்டேஷனுக்குப் போய்விடும். அவ்வளவு நீளம். ஊர்க்காரர்கள் அதைச் சொல்லிச் சிரமப்பட்டதே இல்லை. ஊறுகாய் ரயில் என்றார்கள், எல்லோருக்கும் புரிந்தது.

காரணம் இல்லாமல் வைத்த பெயரும் இல்லை. ஆற்றங்கரைத் தோட்டங்களில் விளைகிற வெள்ளரிக்காயை உப்புத் தண்ணீர்த் தொட்டிகளில் போட்டு மேற்கே இருக்கிற ஆலைக்கு ஏற்றிக்கொண்டு போவதுதான் ஆகஸ்ட் தொடங்கி அக்டோபர் வரைக்கும் அந்த ரயிலுக்குப் பிழைப்பு. தொட்டி ஒழுகும். ஒழுகிய உப்பில் தண்டவாளத்து ஓரப் புல்லெல்லாம் கருகிப் போகும். சந்திப்பில் மற்ற ரயில்வேக்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னைக்கு என்ன, வெள்ளரியா முட்டைக்கோஸா என்று கேட்பார்கள். கேட்டுக் கேட்டு அவர்களுக்கும் அலுக்கவில்லை, வாங்கிக் கட்டிக்கொண்டு இவர்களுக்கும் பழகவில்லை.

மற்ற ரயில்வேக்களுக்கெல்லாம் மரியாதையான வாசகங்கள் இருந்தன. பழுது பார்க்கப் பட்டறைக்கு வருகிற வெளியூர்ச் சரக்குப் பெட்டிகளின் பக்கவாட்டில் ஆள் உயர எழுத்தில் எழுதியிருக்கும். 'மூன்று ஏரிகளின் பாதை.' 'நேரம் தவறா நெடும்பாதை.' 'மலைகளை மண்டியிடச் செய்தது.' இல்கோவுக்கு அத்தனையும் மனப்பாடம். சர்ச்சில் பாதிரியார் எத்தனையாவது சங்கீதம் வாசித்தார் என்று கேட்டால் விழிப்பான். எந்த ரயில்வேக்கு எந்த வாசகம், எந்த வெள்ளை, எந்த அளவு என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வான்.

தெரியாமல் இருக்குமா? அவன்தான் கொனெட்டா பட்டறையின் பெட்டி எழுத்துக்காரன். பதினோரு வருஷமாக அதே வேலை. செம்மண் நிறம் பூசிக் காய்ந்த பெட்டி வந்து நின்றால், சுண்ணப்பொடி தேய்த்த நூலை இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவான், கோடு விழும். எண்ணெய் ஊறிய கனத்த தாளில் எழுத்துகளை வெட்டி வைத்திருப்பான், அதுதான் ஸ்டென்சில். அதைப் பெட்டியில் வைத்து அழுத்தி, குட்டைப் பிரஷ்ஷால் ஈய வெள்ளைப் பெயின்ட்டைக் குத்திக் குத்தி ஏற்றுவான். எடுத்தால் பெயரும் எண்ணும் பளிச்சென்று நிற்கும். ஒரு நாளைக்கு ஒன்பது பெட்டி. குளிர்காலத்தில் பெயின்ட்டில் கலந்த ஆளிவிதை எண்ணெய் இறுகிவிடும். பெயின்ட் டப்பாவை அடுப்போரம் வைத்து வைத்துத்தான் எழுத வேண்டும். ஆனால் பெயரையும் எண்ணையும் தவிர எழுத எதுவும் கிடையாது. மற்றவன் பெட்டியில் வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த வீட்டுக் கல்யாணத்தை ஜன்னல் வழியாகப் பார்க்கிறவன் மாதிரி அவனுக்கு வயிறு எரியும்.

அப்படி இருக்கையில்தான் 1924 செப்டம்பர் கடைசியில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். ஊறுகாய்ப் பெயரைக் கேட்டு மேலிடத்துக்கே மானம் போய்விட்டதாம். நம் ரயில்வேக்கு நல்ல வாசகம் வேண்டும். கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் யாரும் எழுதி அனுப்பலாம். ஜெயித்தவருக்கு இருபத்தொரு கல் வைத்த தங்க வாட்ச். அவர் வாசகம் எல்லாப் பெட்டிகளிலும் ஏறும்.

இல்கோ அன்று வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தான். போட்டி தனக்காகவே வைத்தது என்று முடிவு கட்டிவிட்டான். வேறு யாருக்கு வாசகத்தைப் பற்றி என்ன தெரியும்? கொதிகலன் அடிக்கிறவனுக்கா, கரி அள்ளுகிறவனுக்கா?

பத்து நாள் சாப்பாட்டு மேசையில் வேறு பேச்சே இல்லை. அந்த வீட்டு மேசையில் எப்போதும் ஐந்து பேர். இல்கோ, அவன் மனைவி பராஸ்கா, சாப்பாட்டோடு தங்கியிருந்த மூன்று பேர். உலைக்கூடத்தில் வேலை செய்கிற அண்ணன் தம்பி இருவர். யார்டில் வண்டி எண்களைக் குறித்துக்கொண்டு நடக்கிற தியோதர். எல்லோரும் ஒரே மலைப்பக்கத்து ஆட்கள், கடல் தாண்டி வந்தவர்கள். தியோதருக்கு மட்டும் இங்கிலீஷ் எழுத்து நன்றாக வரும். முப்பது வயசு, கல்யாணம் ஆகவில்லை, தினமும் ஷேவ் செய்துகொள்வான். இந்தக் கடைசிச் சங்கதி இல்கோவுக்கு முதலிலிருந்தே பிடிக்காது.

இல்கோ பதினான்கு வாசகம் எழுதினான். 'வல்லமையின் பாதை.' 'நதியை வென்ற நாயகன்.' ஒவ்வொன்றையும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாகச் சொல்வான். எழுத்து எண்ணிப் பார்ப்பான், பெட்டியின் நீளத்துக்குள் அடங்குமா என்று. அண்ணன் தம்பிகள் பீன்ஸ் சூப்பை உறிஞ்சிக்கொண்டே எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஒரு நாள் பராஸ்காகூட அடுப்படியிலிருந்து என்னவோ சொன்னாள், இல்கோ ஏதோ பதில் சொன்னான், எல்லோரும் சிரித்தார்கள். பதினான்கையும் கவரில் போட்டு அனுப்பினான். அன்றிலிருந்து பைக்குள் வாட்ச் இல்லாத இடத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

நவம்பர் முதல் வாரம். ஆற்றிலிருந்து கிளம்பிய மூடுபனியும் இன்ஜின் புகையும் கலந்து பட்டறை முற்றத்தில் எதிரில் நிற்பவன் முகம் தெரியவில்லை. ஃபோர்மன் ஹாப்கின் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று முடிவைப் படித்தார். ஜெயித்தவர் யார்டு செக்கர் தியோதர் ஸவாட்ஸ்கி. வாசகம்: 'சூடு ஆறுமுன் வீடு.'

சரக்கைச் சீக்கிரம் சேர்ப்போம், பயணியைப் பத்திரமாகச் சேர்ப்போம் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல முடியாதென்று மேலிடத்தில் மெச்சினார்களாம். கூட்டம் தொப்பியைத் தூக்கிக் கூவியது. நல்லாத்தான் இருக்கு என்றான் ஒருவன். படிச்சதும் பசிக்குது என்றான் இன்னொருவன்.

இல்கோவுக்கு முதலில் தோற்ற எரிச்சல்தான் வந்தது. எழுத்து எத்தனை என்று பழக்கதோஷத்தில் எண்ணினான். எண்ணும்போதுதான் நெஞ்சில் ஏதோ இடறியது. சூடு ஆறுமுன் வீடு. இதை அவன் தினமும் கேட்கிறான். காலையில் சாப்பாட்டு வாளியை வாசலில் வைத்துக் கையில் கொடுக்கும்போது பராஸ்கா சொல்கிற சொல் அது. சாயங்காலம் அங்கே இங்கே நின்று கதை அளக்காமல் சூப் ஆறுவதற்குள் வந்து சேர் என்பதை அவள் அப்படி நறுக்கிச் சொல்வாள். கல்யாணமான மறுவாரத்திலிருந்து சொல்கிறாள். அவனிடம் மட்டும்தான் சொல்கிறாள் என்று பதினாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தான். அந்தச் சொல் எப்படி இன்னொருத்தன் வாய்க்குப் போனது?

பக்கத்தில் நின்ற யூர்கோ அவன் விலாவில் இடித்தான். பெட்டிக்குச் செம்மண் நிறம் பூசுகிறவன் இந்த யூர்கோ. வாயைத் திறந்தால் நாலு பேருக்குப் புண் வரும்.

"என்னவே, ஒம்ம வீட்டுச் சாப்பாடு அவ்வளவு சூடாவா இருக்கு? தின்னவன் கவிஞன் ஆயிட்டான்."

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

அதைவிடக் கொடுமை மறுநாள் வந்தது. ஸ்டென்சில் வெட்ட வேண்டியவன் அவன்தானே. தாளை மேசையில் விரித்து, கத்தியைத் தீட்டி, ஒவ்வொரு எழுத்தாக வெட்டினான். சொல் அவன் பெண்டாட்டி சொல்வது, பெருமை வேறொருத்தனுக்கு, உழைப்பு இவனுக்கு. ஐந்நூற்று நாற்பது பெட்டி இருந்தது கொனெட்டாவுக்கு. ஐந்நூற்று நாற்பது தடவையும் அதை அவன் கையால் குத்தி எழுத வேண்டும். எழுதி முடித்த பெட்டி நாடெல்லாம் சுற்றும். கண்ட ஊரில் கண்டவன் படிப்பான். இரண்டாவது எழுத்திலேயே கத்தி வழுக்கித் தாள் கிழிந்தது. பதினோரு வருஷத்தில் அவன் ஸ்டென்சிலைக் கிழித்தது அதுதான் முதல் தடவை.

வீட்டிலும் கண்ணை மூடிக்கொண்டா இருப்பான்? சாப்பிடுவதை விட்டுவிட்டுப் பரிமாறுவதைப் பார்க்க ஆரம்பித்தான். தியோதர் தட்டில் உருளைக்கிழங்கு மூன்று, தன் தட்டில் மூன்று. ஆனால் அவனுடையது பெரிது. இறைச்சியும் அரிசியும் வைத்துச் சுருட்டிய முட்டைக்கோஸ் இலையில் அவனுக்குப் போனது பிரியாமல் இருக்கிறது, தனக்கு வந்தது வாய் பிளந்து கிடக்கிறது. "வீட்டம்மா, இன்னொரு கரண்டி" என்று அவன் கேட்கிற குரலில் என்ன குழைவு! அவள் ஊற்றுகிற கையில்தான் என்ன தாராளம்! பராஸ்கா பதினாறு வருஷமாக எல்லோருக்கும் அப்படித்தான் ஊற்றினாள். சந்தேகம் வந்தவனுக்குக் கரண்டியும் சாட்சி சொல்லும்.

ஒரு புதன்கிழமை வேலை சீக்கிரம் முடிந்து வந்தான். அடுக்களை மேசையில் பராஸ்காவும் தியோதரும் எதிரெதிரே உட்கார்ந்து குனிந்திருந்தார்கள். இருவருக்கும் நடுவில் ஒரு பென்சில். இவனைக் கண்டதும் பராஸ்கா ஒரு தாளை எடுத்து ஏப்ரனுக்குள் செருகிக்கொண்டாள். தியோதர் எழுந்து, மழை வரும் போல இருக்கு வீட்டுக்காரரே என்றான். வானம் துடைத்து வைத்தது போலிருந்தது.

இல்கோ கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். கேட்காமல் இருந்தால் உள்ளே தின்றது. அவளோடு பேச்சைக் குறைத்தான். காலையில் வாளியை வாசல் வரை வர விடாமல் தானே எடுத்துக்கொண்டு போனான். அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் தெருவில் இருந்தான்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. திரும்பி வந்தவனுக்குப் பசி. பராஸ்கா கிணற்றடியில் இருந்தாள். ரொட்டித் துண்டு தேடி மாவுப் பானையைத் திறந்தான். ரொட்டியை அதன் மேல் துணியில் சுற்றி வைப்பது அந்த வீட்டு வழக்கம். துணி மாவுக்குள் பாதி புதைந்திருந்தது. இழுத்தால் கனத்தது. உள்ளே தங்க வாட்ச். மூடியில் கொனெட்டா ரயில்வே முத்திரை.

அவள் வாளித் தண்ணீரோடு உள்ளே வரும்போது அவன் அதை மேசை நடுவில் வைத்துவிட்டு நின்றுகொண்டிருந்தான்.

"இது என்னட்டி?"

"வாட்ச்."

"வாட்ச்னு எனக்கும் தெரியுது. மாவுக்குள்ள எப்படி வந்துச்சு?"

"நான் வச்சேன்."

"யாரு குடுத்தா?"

"தியோதர்."

தயங்காமல் சொன்னாள். அதுதான் அவனை இன்னும் எரித்தது. தயங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"அவன் குடுத்த தங்கத்த மாவுக்குள்ள பதுக்கி வச்சிருக்க. அந்த மாவுல சுட்டத நான் தினமும் திங்கேன். வாசல்ல என்கிட்டச் சொல்லுத சொல்ல அவன்கிட்ட எங்க வச்சுச் சொன்ன? எந்த வாசல்ல?"

பராஸ்கா வாளியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டாள். அவள் குரல் உயரவில்லை.

"வார்த்தைய அளந்து பேசுய்யா. அவன்கிட்ட நான் சொல்லல. உன்கிட்டத்தான் சொன்னேன். இதே மேசையில, எல்லாரும் இருக்கையில. நீ வல்லமை, நாயகன்னு கரண்டிய வச்சுட்டுக் கத்திட்டு இருந்த. இத எழுதேன்யா, சூடு ஆறுமுன் வீடுன்னு எழுதேன், எல்லாருக்கும் புரியும்னேன். நீ என்ன சொன்ன? ஞாபகம் இருக்கா?"

அவனுக்கு ஞாபகம் இல்லை. அவள் சொல்லச் சொல்ல வந்தது.

"இது ரயில்வே கம்பெனிட்டி, உன் அடுப்படி இல்ல, முட்டக்கோஸ் வாசம் அடிக்குதுன்னு சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க. தியோதர் ஒருத்தன்தான் சிரிக்கல. மறுநாள் நானாத்தான் போயிக் கேட்டேன், இத இங்கிலீஷ்ல எழுதி அனுப்புதியான்னு. கம்பெனி ஆளுதான் அனுப்பணும், பொம்பள அனுப்பக் கூடாதுன்னான். அப்ப நீயே உன் பேருல அனுப்புன்னு அவன்கிட்டச் சொன்னேன். ஜெயிச்சதும் வாட்ச்ச அப்படியே கொண்டாந்து என் கையில வச்சுட்டான். அவ்வளவுதான். வேற எதையாவது தேடாத. கிடைக்காது."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா உன் மூஞ்சி எப்படிப் போகும்னு தெரியும். இப்பப் போயிருக்குல்ல, இப்படித்தான்."

இல்கோ நாற்காலியில் உட்கார்ந்தான். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது. சந்தேகமே இல்லை, இறங்கியது. அவள் சொன்னது அத்தனையும் நிஜம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் அவன் சிரித்திருக்க வேண்டும், மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கல் இறங்கிய இடத்தில் முள் ஒன்று அப்படியே இருந்தது. இங்கிலீஷ் ஓர் எழுத்துத் தெரியாதவள், நூடுல்ஸ் நறுக்கிக்கொண்டே, ஒரு மூச்சில் சொன்னது ஜெயித்துவிட்டது. பதினோரு வருஷம் எழுத்தோடு புழங்கியவனுடைய பதினான்கும் குப்பைக்குப் போயின.

தியோதர் வந்ததும் அவனுக்கும் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை என்று ஆயிற்று. அவன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே சொன்னான். திங்கட்கிழமை மேலிடத்து ஆட்கள் ஸ்பெஷல் வண்டியில் வருகிறார்கள். முதல் பெட்டியில் வாசகம் எழுதி, கீழே ஜெயித்தவர் பெயரை எழுதி, ஜெயித்தவரை முன்னால் நிறுத்திப் படம் பிடிக்கப் போகிறார்கள். இவன் ஹாப்கினிடம் போய் உள்ளதைச் சொல்லிவிட்டானாம். ஹாப்கின் தலையைச் சொறிந்துகொண்டு, பட்டியலையெல்லாம் இப்போது கிளறாதே, பெட்டியில் எந்தப் பெயர் வேண்டும் என்று உன் வீட்டுக்காரனிடமே சொல், எழுதுகிறவன் அவன்தானே, எனக்கு ஒரு பெயர் இருந்தால் போதும் என்றாராம்.

"வீட்டம்மா பேர எழுதுங்க, வீட்டுக்காரரே. ஒங்க கையாலயே எழுதுறது எவ்வளவு பொருத்தம். அதுக்குத்தான் அவங்களுக்கு நாலு நாளா பேரு எழுதச் சொல்லிக் குடுத்தேன். அங்க வந்து நின்னா தன் பேர அவங்களே படிக்கணும்ல."

பராஸ்கா ஏப்ரனிலிருந்து தாளை எடுத்துக் காட்டினாள். கோணல்மாணலாக, ஒரு பக்கம் முழுக்க, அவள் பெயர். இங்கிலீஷில் ஏழு எழுத்து. அவள் முகத்தில் வெட்கமும் ஆசையும் வந்தன. அவன் பார்த்தே எத்தனையோ வருஷமான ஒரு முகம் அது.

"எழுதுவியாய்யா?" என்றாள்.

"பாப்போம்" என்றான் இல்கோ.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வெளியே வருவதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. அண்ணன் தம்பிகளில் யாரோ வாயை விட்டிருக்கிறார்கள். பெண்கள் பராஸ்காவைச் சுற்றிக்கொண்டு அவள் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள், கையில் ஏதோ இருப்பது போல. முந்தின வாரம் வரைக்கும் அவள் யார் என்று கேட்காத கடைக்காரர் மனைவிகூட வந்து விசாரித்தாள். இல்கோ தனியாக வேலியோரம் நின்றான். ஆண்கள் ஒவ்வொருத்தனாக வந்து தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். கொடுத்து வைத்தவன் என்றான் ஒருவன். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது நீ ஏன் சிரமப்பட்டாய் என்றான் இன்னொருவன். யூர்கோ கடைசியாக வந்தான்.

"பதினாலு எழுதினீராமே வே? ஒண்ணாவது அந்தம்மாகிட்டக் காட்டித் திருத்தி வாங்கியிருக்கக் கூடாதா?"

இல்கோ சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது? வீட்டுக்கு நடக்கும்போது பராஸ்கா ஏதேதோ பேசிக்கொண்டு வந்தாள். கடைக்காரர் மனைவி சொன்னதை இரண்டு தடவை சொன்னாள். அவனுக்கு அவள் பேச்சில் ஒரு மிடுக்கு ஏறிவிட்டது போலத் தோன்றியது. அவள் எப்போதும் பேசுகிற மாதிரிதான் பேசினாள். தியோதரை நினைத்து எரிந்தபோதாவது அவனுக்கு ஒரு நியாயம் இருந்தது. நாலு பேரிடம் சொல்லலாம், அடிக்கப் போகலாம். சொந்தப் பெண்டாட்டியைப் பார்த்து எரிகிறதென்று யாரிடம் சொல்வான்?

திங்கட்கிழமை விடிந்து ஆறு மணிக்கே பட்டறையில் இருந்தான். புதுப் பெட்டி செம்மண் நிறத்தில் மின்னிக்கொண்டு தனித் தண்டவாளத்தில் நின்றது. வாசகத்தை எழுதினான். ஈய வெள்ளை அன்று இளகிச் சொன்னபடி கேட்டது. எழுத்துகள் அறைந்தது போல நின்றன. கீழே பெயருக்குக் கோடு சுண்டினான். சிறிய எழுத்துகள்; தனி எழுத்து ஸ்டென்சில்களை ஒவ்வொன்றாக வைத்து அழுத்த வேண்டும். ஸ்டென்சில் டப்பாவைத் திறந்து பராஸ்காவின் முதல் எழுத்தைக் கையில் எடுத்தான்.

எடுத்தவன் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். இந்தப் பெயர் இங்கே ஏறினால் ஏறினதுதான். அவன் சாகிற வரைக்கும், பராஸ்கா புருஷன் என்று சொல்வார்கள். எழுத்துக்காரன் இல்கோ என்று இருந்த பெயரும் போகும். கம்பெனிப் பட்டியலில் இருப்பது என்ன பெயர்? தியோதர் பெயர். பட்டியலில் இருப்பதை எழுதுவதுதானே எழுத்துக்காரன் வேலை? நாளைக்கு மேலிடம் கேட்டால் யார் பதில் சொல்வது? இப்படியெல்லாம் தனக்குத்தானே வக்கீல் வைத்து வாதாடினான். வாதம் ஜெயித்தது. எடுத்த எழுத்தை டப்பாவில் போட்டுவிட்டு வேறு எழுத்தை எடுத்தான்.

எந்தப் பயலைக் கண்டால் ஆகாதோ அந்தப் பயலின் பெயரைத் தன் கையால், ஒரு பிசிறு இல்லாமல், எழுதி முடித்தான். பெண்டாட்டிக்குக் கொடுப்பதைவிட அவனுக்கே கொடுத்துவிடலாம் என்று இருந்தது.

பத்து மணிக்கு ஸ்பெஷல் வந்தது. நீளக் கோட்டுப் போட்ட நாலு பேர், படம் பிடிக்கிறவர் ஒருத்தர். கால் மணி நேரம்தான் நிற்பார்கள் என்று ஹாப்கின் எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தார். சர்ச் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு பராஸ்கா வந்தாள். கல்யாணத்தன்று கட்டிய பூவேலைத் தலைத்துணியை மடிப்புக் கலையாமல் கட்டியிருந்தாள். பெட்டியைப் பார்த்ததும் நின்றாள். பெரிய எழுத்தை விட்டுவிட்டாள். சின்ன எழுத்துக்குக் கிட்டே போனாள். விரலைக் காற்றில் வைத்து முதல் எழுத்திலிருந்து தொட்டுக்கொண்டே போனாள். ஏழாவது எழுத்து தாண்டியும் எழுத்துகள் இருந்தன. மறுபடி முதலிலிருந்து வந்தாள்.

பிறகு இல்கோவிடம் வந்தாள். கோபமாக வரவில்லை. கடையில் நிறை குறைந்த சர்க்கரையைத் திருப்பிக் கொண்டு வந்தவள் மாதிரி, ஏதோ தவறு நடந்துவிட்டது என்று கேட்க வந்தாள்.

"என் பேரு இவ்வளவு நீளம் இல்லையேய்யா."

"அது தியோதர் பேரு" என்றான். "பட்டியல்ல அதான் இருக்கு."

அவள் அவனையே பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அன்னைக்குச் சிரிச்ச, பொறுத்துக்கிட்டேன்" என்றாள். "நாலு பேரு இருந்தாங்க, கூடச் சேந்து சிரிச்சுட்ட. இன்னைக்குக் காலையில இங்க உன்னத் தவிர யாருமே இல்லையே."

அவ்வளவுதான் சொன்னாள். திரும்பித் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தாள். பெண்களும் பின்னால் போனார்கள்.

அதற்குள் ஹாப்கின் ஜெயித்தவரைக் கூப்பிட்டார். தியோதர் பெட்டிக்கு எதிரில்தான் நின்றான். தன் பெயரைப் படித்தான், இல்கோவைப் பார்த்தான். நம்பர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, எனக்கு யார்டில் வண்டி நிற்கிறது என்று யாருக்கோ சொல்லிவிட்டுப் போயே போய்விட்டான். கூப்பிட்டும் திரும்பவில்லை. நீளக் கோட்டுக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். படம் பிடிக்கிறவர் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை நீட்டி, யாராவது ஓர் ஆள் நில்லுங்கள், பெட்டி மட்டும் நின்றால் படமா என்றார். ஹாப்கின் கைக்குக் கிடைத்தவனைப் பிடித்துத் தள்ளினார். கிடைத்தவன் இல்கோ.

தொப்பியைச் சரி செய்துகொள் என்றார்கள். சரி செய்துகொண்டான். பிரஷ்ஷைக் கீழே போடு என்றார்கள். போட்டான். அசையாதே என்றார்கள். தண்டவாளத்துக்கு அப்பால் பூவேலைத் தலைத்துணி மூடுபனியில் சின்னதாகிக்கொண்டு போவதை அவன் பார்த்தான். அசையாமல் நின்றான்.

தியோதர் அன்றே மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு வீட்டுக்குப் போய்விட்டான். பராஸ்கா அவனைத் தடுக்கவும் இல்லை, இல்கோவிடம் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அடுக்களை வேலை அது பாட்டுக்கு நடந்தது. எல்லோருக்கும் ஊற்றினாள், அவனுக்கும் ஊற்றினாள். அவள் ஏசினால் நன்றாக இருக்கும் என்று அவன் காத்திருந்தான். நாலைந்து வாரம் காத்திருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கம்பெனிப் பத்திரிகை வந்தது. மாசம் ஒரு தடவை எல்லா வீட்டுக்கும் இலவசமாகப் போடுவார்கள். நடுப்பக்கத்தில் அரைப் பக்கத்துக்குப் படம். பெட்டி, வாசகம், முன்னால் விறைத்துக்கொண்டு இல்கோ. அண்ணன் தம்பிகளில் மூத்தவன், அட நம்ம வீட்டுக்காரரு என்று கூவி மேசை மேல் விரித்தான். இல்கோவால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. படம் நன்றாக வந்திருந்தது. தொப்பி நேராக இருந்தது. மனசுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம்கூட எட்டிப் பார்த்தது, வெட்கம் கெட்ட சந்தோஷம்.

பராஸ்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"கீழ என்ன போட்டிருக்கு?" என்று மூத்தவனிடம் கேட்டாள். "படி."

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "நம் ரயில்வேயின் புதிய வாசகத்தைத் தந்து பரிசு வென்ற யார்டு செக்கர் தியோதர் ஸவாட்ஸ்கி, முதல் பெட்டியின் முன்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல வீட்டம்மா."

பராஸ்கா பத்திரிகையை மடித்து இல்கோவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"உன் பேரயும் போடலய்யா" என்றாள், உண்மையாகவே வருத்தப்பட்டவள் போல. பிறகு சூப்பை எடுத்து வர அடுப்படிக்குப் போனாள்.